அண்ணனோடு ஜோடி ஆட்டம்

புதுச்சேரி வெயிலில் ஸ்கேட்டிங் ஆட ஐஸுக்கு எங்கே போவது? எங்களுடையது சக்கர ஸ்கேட்டிங். தனியாக ஆடிய வரைக்கும் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. தாவினேன், சுழன்றேன், விழுந்தால் என்னையே திட்டிக்கொண்டு எழுந்தேன், பதக்கங்களும் வாங்கினேன். பிறகுதான் கோச் என்னை அண்ணனோடு ஜோடி சேர்த்துவிட்டார். ஜோடி ஆட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கும் மார்க் உண்டு.

எங்கள் ஊர் தவளக்குப்பத்திலிருந்து பைக்கில் பயிற்சிக்கு வரும் வழியெல்லாம் சண்டை போடுவோம். சக்கரத்தை மாட்டியதும் பல்லைக் காட்டுவோம். என்னைத் தலைக்கு மேல் தூக்கும்போதுகூட, "வெயிட்டு போட்டுட்ட" என்று முணுமுணுப்பான். நானும் சிரித்த முகம் மாறாமல், "மூடிக்கிட்டுத் தூக்குண்ணா" என்பேன்.

இந்த வருஷம் தேசியப் போட்டியில் தங்கம் வாங்கியதும் ஜோடி ஆட்டத்தை இருவருமே விட்டுவிட்டோம். அவனுக்குத் தோள்வலி, எனக்கு அவனே தலைவலி.

ஊருக்குத் திரும்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் விட்டுப்போன பைக்கை எடுக்கும்போது சொன்னான்: "இனிமே உன் மூஞ்சியப் பாத்து சிரிக்க வேணாம்ல? அப்பாடா!"

எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீடு வந்து சேரும்வரை அடங்கவே இல்லை.

மார்க் போடத்தான் ஆள் இல்லை.