சீக்கிரம் கரைகிற மெழுகு

கறுப்பு வண்டியைப் போல் அடம் பிடிக்கிற பொருள் உலகத்தில் வேறில்லை. வெள்ளை வண்டி எதையும் மறைத்துக்கொள்ளும். சாம்பல் நிற வண்டி பாதியை மறைக்கும். கறுப்பு மட்டும் துணி பட்ட தடம், உப்புத் தண்ணீர் காய்ந்த புள்ளி, தொட்டவர் விரல் என்று ஒன்று விடாமல் வெயிலில் எடுத்துப் போட்டுக் காட்டிவிடும். பொன்னேரியிலிருந்து மீஞ்சூர் போகிற சாலையோரத்தில் ராஜேந்திரன் வைத்திருக்கிற கார் பாலிஷ் கடைக்குக் கறுப்பு வண்டி வந்தால், வேலையாட்கள் டீ குடிக்கப் போகிற சாக்கில் நழுவிவிடுவார்கள். ஜமுனா மட்டும் நிற்பாள்.

"அடத்துக்கு அடம் சரியாப் பூடும். நீயே பாத்துக்க யக்கா" என்பான் ராஜேந்திரன்.

ஜமுனாவுக்கு ஊர் பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிற பசியாவரம் தீவு. பிறந்ததிலிருந்து ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தவள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, இறால் போடுகிற பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றின் மேல் இரண்டு கையையும் ஓட்டிக்கொண்டே நகர வேண்டும். அழுத்தித் தடவினால் இறால் துள்ளிவிடும். தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலத் தொட வேண்டும். ஜமுனா இடக்கைக்காரி. அவளுக்கு இடது கைதான் முந்திப் போகும். அந்தக் கையே பின்னால் வண்டிக்கு மெழுகு பூசவும் வாய்த்தது.

ஏரியை விட்டுக் கடைக்கு ஏன் வந்தாள்? முட்டி வலி, தண்ணீரில் குந்த முடியவில்லை என்று ஊரில் சொல்லி வைத்திருந்தாள். முட்டி வலித்தது உண்மைதான். ஆனால் தினமும் படகேறிப் பழவேற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வருவது முட்டிக்கு மட்டும் இதமாகவா இருக்கும்? விஷயம் வேறு. அவளுடைய ஒரே மகள் நந்தினி மீஞ்சூரில் எங்கோ இருக்கிறாள் என்று காதில் விழுந்திருந்தது. தீவில் உட்கார்ந்திருந்தால் கொக்கைத்தான் பார்க்கலாம். சாலையோரக் கடையில் நின்றால் போகிற வருகிற முகத்தையெல்லாம் பார்க்கலாம்.

புருஷன் செத்துப்போன பிறகு சேற்றைத் தடவித் தடவியே அந்தப் பெண்ணைப் பொன்னேரிக் காலேஜில் படிக்க வைத்தவள் ஜமுனா. படிக்கப் போன இடத்தில் நந்தினி பரத் என்ற பையனைப் பிடித்துக்கொண்டாள். ஏரிப் பக்கத்து ஆள் இல்லை, மீஞ்சூர்க்காரன், வண்டி ஓட்டுகிறவன். இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு படகில் வந்து வாசலில் நின்றார்கள். ஜமுனா கதவைத் திறக்கவில்லை.

"அந்த மூஞ்சிய நா பாக்க மாட்டேன்" என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

"நீயா கூப்புடற வரைக்கும் நா இந்த வாசல மிதிக்க மாட்டேம்மா" என்றாள் நந்தினி.

"நா கூப்புட மாட்டேன். போடி."

அவ்வளவுதான் பேச்சு. படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் தேய்கிறவரை ஜமுனா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். போன் இருந்தது, நம்பர் இருந்தது. விரல்தான் அதன் மேல் போகவில்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே அச்சு அடம்.

கடையில் சேர்ந்து வேலை படிந்த பிறகு, ஒரு காலையில் அந்தக் கறுப்பு வண்டி வந்தது. கல்யாணத்துக்கும் கம்பெனி ஆட்களுக்கும் வாடகைக்கு ஓடுகிற வண்டி. ஓட்டி வந்த இளைஞன் ராஜேந்திரனிடம் கையை விரித்தான். "கழுவிக் கழுவியே இப்டி ஆயிடுச்சுண்ணா. இன்னான்னு பாருங்க."

ஜமுனா பானெட் பக்கம் போய்க் குனிந்தாள். வெயிலில் வண்டி முழுவதும் சிலந்திக்கூடு கட்டினது போல் பொடிப்பொடியாகக் கீறல். கறுப்பு வண்டியில் இப்படி வருவது புதிதில்லை, அழுக்குத் துணியால் தேய்த்தாலே வரும். ஆனால் இந்தக் கீறல் இரண்டிரண்டாக, முடிச்சு முடிச்சாகப் போயிருந்தது. நைலான் வலைத்துண்டால் தேய்த்தால்தான் அப்படி வரும். கிழிந்த வலையைச் சுருட்டிப் பாத்திரம் தேய்ப்பது ஏரிக்கரை வீடுகளின் பழக்கம். அலுமினியக் குண்டானுக்கு அது சரி. வண்டியின் வண்ணத்துக்கு எமன். ஊர்ப் பக்கத்து ஆளைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

யாரடா இது என்று ஜமுனா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். பிறகு கதவுப் பக்கம் வந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கதவின் மேல் கீறல்கள் வளைந்திருந்த திசை மாறியிருந்தது. வலக்கைக்காரர்கள் தேய்த்தால் கீறலின் பிறை ஒரு பக்கம் திரும்பும். இது எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. இடக்கை. குண்டான் தேய்க்கும்போது தன் மகள் கை எப்படிச் சுற்றும் என்று ஜமுனாவுக்குத் தெரியாதா? தன் கையைப் பார்த்துத்தானே அந்தக் கை சுற்றப் பழகியது.

"வூட்டுல யாரு வண்டி கழுவறது?" என்று தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரிதாம்மா. அழுக்கா இருந்தா அவளுக்குத் தூக்கம் வராது. ஏரிக்காரப் பொண்ணு. தண்ணியக் கண்டா வுடமாட்டா."

அவன்தான். பார்க்க மாட்டேன் என்று சொன்ன மூஞ்சி. ஜமுனா நன்றாகவே பார்த்தாள். கோபம் வரவில்லை. மகள் சோறு சரியாகத்தான் போடுகிறாள் போலிருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

ராஜேந்திரன் அலமாரியைத் திறந்தான். "காம்பவுண்ட் போட்டு அறுத்து எடுத்துடலாம் யக்கா. அப்புறம் பாலிஷ், மேல சீலண்ட். ஆறு மாசத்துக்குக் கவலை இல்ல."

காம்பவுண்ட் என்பது நறநறவென்று இருக்கும். வண்ணத்தின் மேல்தோலைக் கொஞ்சம் தின்றுதான் கீறலைப் போக்கும். பாலிஷ் அந்தத் தடத்தை ஆற்றும். சீலண்ட் பால்போல இருக்கிற திரவம். பூசிக் காய விட்டால் கண்ணாடி மாதிரி இறுகி, உப்புக் காற்றையும் மழையையும் ஆறு மாதம் அண்ட விடாது. இன்னொன்றும் இருந்தது. மஞ்சள் டப்பாவில் வருகிற கெட்டி மெழுகு. எங்கோ கடல் தாண்டின தேசத்தில் ஒரு பனைமரத்து ஓலையிலிருந்து சுரண்டி எடுப்பதாம். கறுப்பு வண்டிக்கு அதைப் போல அழகு கொடுப்பது எதுவும் இல்லை. ஏரியில் முங்கி எழுந்தது போல, ஈரமாய், ஆழமாய் மின்னும். கீறலுக்குள் போய் உட்கார்ந்து அதை மறைத்தும் விடும். ஆனால் நம் வெயிலுக்குத் தாங்காது. சில வாரத்தில் கரைந்து, மறைந்த கீறலெல்லாம் மறுபடி வெளியே வந்து நிற்கும்.

ஜமுனாவின் கை எதை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மீஞ்சூர் உப்புக் காற்றில் ஓடுகிற வண்டி அது. ஆனால் கை மஞ்சள் டப்பாவை எடுத்தது.

"அறுக்க வாணாம். தோல் மெல்லிசா கீது. மெழுகே போதும்" என்றாள்.

அவள் சொன்னால் ராஜேந்திரன் மறுபேச்சுப் பேசுவதில்லை. நிழலில் வண்டியை நிறுத்தி, அதன் உடம்புச் சூடு ஆறும்வரை காத்திருந்து, மகள் போட்ட ஒவ்வொரு பிறையின் மேலும் மெழுகைத் தடவினாள். அழிக்க மனம் வரவில்லை, மூடத்தான் வந்தது.

அதன் பிறகு ஜமுனாவுக்கு வெயில் பிடித்துப் போனது. ஊரெல்லாம் அனலைத் திட்டும்போது அவள் மட்டும், கரையட்டும், நன்றாகக் கரையட்டும் என்று நினைத்துக்கொள்வாள். கரைந்ததும் பரத் வந்து நிற்பான்.

"மறுபடியும் மங்கிப் போச்சும்மா."

"கறுப்பு அப்டித்தான். வுடு."

உள்ளே துடைக்கிற சாக்கில் ஜமுனா வண்டிக்குள் போய் உட்காருவாள். ஒருமுறை இருக்கையின் இடுக்கில் கொண்டை ஊசி கிடந்தது. ஒருமுறை காய்ந்த கதம்பம். இன்னொரு முறை முன் இருக்கை முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். ஊசியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பரத் ஸ்டூலில் உட்கார்ந்து அவனாகவே பேசுவான். அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கேட்பாள்.

"மார்க்கெட்ல வாங்கிட்டுப் போற எறா எதுவும் அவளுக்கு ஆவறதில்ல. கொளத்து எறா, சப்புனு கீதுன்னு தள்ளிடுவா. அவங்க நைனா பத்தி நாள் பூரா பேசுவா. அம்மா பேர எடுத்தா மட்டும் வாயில பூட்டு."

ஜமுனாவின் கை ஒரு சுற்று தவறிப் பிறகு சரியாகும்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஒரு நாள் மெழுகு கரைவதற்கு முன்பே பரத் வந்தான்.

"எனக்கு ஓசூர்ல கம்பெனி வண்டி வேல கெடச்சிருக்கும்மா. இந்த வாரமே குடும்பத்தோட கெளம்பறோம். இந்த வண்டியும் அங்கதான். இந்த வாட்டி நல்லா நாள் தாங்கற மாதிரி போட்டுக் குடுங்க. அங்க போய் யாரத் தேடுவேன்?"

"எதுக்கு இப்ப அவ்ளோ தொலைவு?"

"செலவு ஏறுதில்ல. அவளுக்கு ஏழாம் மாசம்." சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்தான். "எங்கம்மா வளைகாப்பு வெக்கலாம்னாங்க. ஆத்தா வூட்டு வளையல் இல்லாம எவ வளையலும் என் கையில ஏறாதுன்னுட்டா."

ஜமுனா அலமாரிக்குப் போனாள். கை பழக்கத்தில் மஞ்சள் டப்பாவைத் தொட்டது. மூடியைத் திறந்து பார்த்தாள். அடியில் இன்னும் மெழுகு இருந்தது. இனி இது கரைந்தால் என்ன, கரையாவிட்டால் என்ன? ஓசூர் வெயிலில் கரைந்தால் வண்டி யாரிடமோ போகும். மூடியைத் திருகி வைத்துவிட்டுக் காம்பவுண்டை எடுத்தாள்.

"தோல் மெல்லிசுன்னியே யக்கா?" என்றான் ராஜேந்திரன்.

"தாங்கும். நா சொல்றேன் இல்ல?"

முதலில் பழைய மெழுகைக் கழுவி எடுத்தாள். பிறைகள் எல்லாம் வெளியே வந்தன. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவிலிருந்து தொடங்கினாள். ஒரு பிறை போனது, பக்கத்தில் இன்னொன்று போனது. தலைத்துணி நழுவித் தோளில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. கடைசியில் வண்டி வழவழவென்று, யாரும் தொடாதது போல நின்றது. அதன் மேல் வெள்ளைத் திரவத்தைப் பூசி, காய விட்டு, புதுத் துணியால் துடைத்தாள். கறுப்புக்குள் அவள் முகம் தெரிந்தது. கீறல் இல்லாத கதவு அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"நாளைக்கு வரைக்கும் தண்ணி படக் கூடாது. வலை படவே கூடாது. வூட்டுல சொல்லு" என்றாள்.

பரத் சிரித்தான். "நா சொன்னாக் கேக்கற ஆளா அவ? நாளைக்கு வெடிஞ்சதும் வாளியும் வலையுமா வந்து நிப்பா. உங்கள மாதிரி வேல தெரிஞ்சவங்க நேர்ல சொன்னாதான் அடங்குவா."

ஜமுனா துணியை உதறி மடித்தாள். மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"இவ்ளோ வேல செஞ்சிட்டு வலைக்குக் குடுக்க முடியுமா? நானே வந்து சொல்லிட்டுப் போறேன். வேல விஷயம்தானே."

கடையில் இத்தனை காலமாக ஒரு வண்டிக்கும் அவள் வீடுவரை போனதில்லை. பரத் முன் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்க அத்தை."

ஜமுனாவின் கால் தரையிலேயே நின்றது. "இன்னா சொன்ன?"

"மொத நாளே தெரியும். நீங்க மெழுகு தேய்க்கும்போது சுண்டுவிரல் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கும். அவளுக்கும் அப்டித்தான். இல்லாட்டி இத்தினி வாட்டி மங்கற மெழுகுக்கு நா ஏன் இங்கியே வரப் போறேன்?"

"அவகிட்ட சொன்னியா?"

"சொல்லல. சொன்னா, நா போவ மாட்டேன், அம்மாவே கூப்புடட்டும்னுவா."

ஜமுனா ஏறி உட்கார்ந்தாள். துடைத்த இருக்கையில் சாயக் கூச்சமாக இருந்தது. பஜாரில் வளையல் கடை வந்ததும், நிறுத்து என்றாள். அளவு என்ன என்று கடைக்காரன் கேட்டான். மெழுகு படிந்த நகத்தோடு இடது கையை நீட்டினாள். "இதே அளவுதான்." பச்சையும் சிவப்பும், திருஷ்டிக்குக் கொஞ்சம் கறுப்பும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வழி முழுவதும் என்ன சொல்வது என்று பழகிக்கொண்டே போனாள். நான் கூப்பிட வரவில்லை, வண்டி விஷயமாக வந்தேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். வலையால் யாராவது வண்டி தேய்ப்பார்களா, அறிவிருக்கிறதா என்று அதட்ட வேண்டும். உதட்டுக்குள் அதட்டிப் பார்த்தாள், முதல் தடவை சரியாக வந்தது. அடுத்த தடவை குரல் இறங்கிவிட்டது. மீஞ்சூர் வருவதற்குள் வார்த்தையெல்லாம் தேய்ந்து, அதட்டல் இருந்த இடத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

வண்டி ஒரு சந்துக்குள் திரும்பி ஓட்டு வீட்டின் முன்னால் நின்றது. தண்ணீர்க் குழாயின் மேல் நீல நைலான் வலைத்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே குண்டான் தேய்க்கிற சத்தம் கேட்டது.

இந்த முறை கதவுக்கு வெளியே நின்றவள் ஜமுனா. வளையல் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வண்டி விஷயம் நினைவுக்கு வரவில்லை.

"நந்தினி" என்று கூப்பிட்டாள்.

உள்ளே தேய்க்கிற சத்தம் நின்றது.