கடைசிப் பாய்

செம்பூரில் எங்கள் சபைக்குப் புதிய கமிட்டி வந்திருக்கிறது. எல்லாரும் இளவயதுக்காரர்கள், ஒருவருக்கும் கூட்டக் குறிப்பு எழுதத் தெரியாது. அரசாங்க அலுவலகத்தில் துறை விசாரணைகள் நடத்தியே தலை நரைத்தவள் நான். அதனால் சபைத் தலைமைக்கு வேண்டிய நடைமுறைப் பாடங்களை அவர்களுக்குச் சொல்லித்தரும்படி போதகர் கேட்டார். சொன்னேன். முன்னறிவிப்பு, கோரம் என்கிற குறைந்தபட்ச வருகை, தீர்மானம், திருத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கைதட்டி, தேநீரும் சமோசாவும் கொடுத்தார்கள். சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு வந்தது வீட்டுப் படி ஏறும்போதுதான் உறைத்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பதுதான் அது. எந்த அலுவலகத்திலும் முதல் விதி அதுவே. மறந்துபோய் விடவில்லை. அதைச் சொல்லப்போனால் உதாரணத்துக்கு என் அப்பாவைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் நாங்கள் தாராவியில் இருந்தோம். எங்கள் சபை கூடியது தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில். ஆராதனை நடுவே காற்று திரும்பினால் ஊறுகிற தோலின் நாற்றம் உள்ளே வரும். யாரும் மூக்கைப் பொத்துவதில்லை; அது அவரவர் சம்பளத்தின் வாசனை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பனையோலைப் பாய்களில் உட்காருவார்கள். குருப்பட்டம் பெற்ற ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளை உபதேசியார் பார்த்துக்கொள்வார். உபதேசியாரை அப்பா பார்த்துக்கொண்டார்.

அப்பா சபையின் மூப்பர். கிடங்கு ஆபீசில் கணக்கர். ஊரில் மிஷன் பள்ளியில் படித்தவர் என்பதால் சபைச் சட்டம் அவருக்கு மனப்பாடம். அவருடைய ஜெபம்கூட மேலிடத்துக்குப் போகும் விண்ணப்பம் மாதிரிதான் இருக்கும். முன்னுரை, காரணம், வேண்டுகோள், பிறகு கீழ்ப்படிதலுடன் ஆமென்.

வாசலை ஒட்டி, செருப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு பாய் தனியாகக் கிடக்கும். சபைக் கண்டிப்புக்கு ஆளானவர்கள் அதில் உட்கார வேண்டும். குடித்துவிட்டுச் சண்டை போட்டவர், பெண்ணைச் சபைக்கு வெளியே கட்டிக்கொடுத்தவர் என்று அவ்வப்போது யாராவது அதில் இருப்பார்கள். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் அவர்களுக்குக் கிடையாது. திருவிருந்து ஞாயிறு அன்று, விலக்கப்பட்டவர்களில் திரும்பச் சேர விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று மூப்பர் அழைப்பார். எழுந்து, நான் இன்ன குற்றம் செய்தேன், சபை மன்னிக்க வேண்டும் என்று சொன்னால் போதும், முன்னால் வந்துவிடலாம். பெரும்பாலும் அடுத்த மாதமே சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு மன்னிப்புக் கேட்பதைவிடச் செருப்புப் பக்கம் உட்காருவதுதான் கஷ்டம்.

என்னைப் பெற்ற கையோடு அம்மா இறந்துவிட்டாள். ஊரில் விதவையாக இருந்த அப்பாவின் தங்கை என்னை வளர்க்க வந்தாள். அத்தைக்குத் தையல் நன்றாகத் தெரியும். துணிக் கட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில், கிறிஸ்துமசுக்குச் சபைக்கு யாரோ ஒரு முழுச் சுருள் நீலக் கட்டம் போட்ட துணி தர்மமாகக் கொடுத்தார்கள். அத்தை அதை இரண்டு இரண்டாக மடித்து வெட்டி, சபையின் எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் கவுன் தைத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நாங்கள் எல்லாரும் ஒரே ஜன்னலின் திரைகள் மாதிரி நின்றோம். வளரும் பிள்ளைகள் என்று கவுன்களின் அடியில் நிறையத் துணி விட்டு மடித்திருந்தாள்.

பண்டிகை முடிந்ததும் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இடது காலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கிள்ளினால் தெரியும், அசைக்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஏதேதோ செய்தார்கள். சபை ஜெபித்தது. அத்தை என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள், தைத்தாள். அப்பா என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலப் பேப்பரைப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். பக்கம் திரும்பாது.

ஒருநாள் சாயங்காலம் அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். கோட்டைக் கழற்றாமலே வந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கோட்டுக் கையின் ஓரத்தில் வெள்ளையாக எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. நான் நகத்தால் சுரண்டினேன். செதில் செதிலாக வந்தது. விரலில் உருட்டினால் மிருதுவாக உருண்டது. அப்பா கையை இழுத்துக்கொண்டார். மறுநாள் அத்தை அந்த இடத்தின்மேல் காகிதத்தை வைத்து, நெருப்புப் போட்ட இஸ்திரிப் பெட்டியால் வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்குப் பெட்டி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் என் கட்டைவிரல் அசைந்தது. பிறகு பாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினேன். சபையில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்கள். அந்த ஜெபம் முடிந்த கையோடு கிடங்கு மேஸ்திரியின் மனைவி எழுந்து நின்றாள்.

"மூப்பரய்யா கோவிச்சுக்கிடக் கூடாது. கண்ணால பாத்தத சொல்லாம இருந்தா பாவம்லா. மாஹிம் மாதா கோயில்ல, சொரூபத்துக்கு முன்னால ஒரு மெழுகுக் காலு கெடக்கு. சின்னப்புள்ளக் காலு. அதுல நம்ம கிறிஸ்மஸ் துணியக் கிழிச்சுச் சுத்தியிருக்கு."

நோய் தீர வேண்டி, நோயுற்ற உறுப்பை மெழுகில் வாங்கிக் காணிக்கை வைப்பது மாதா கோயிலுக்குப் போகிறவர்களின் வழக்கம். எங்கள் சபைச் சட்டத்தில் அதற்கு விக்கிரக ஆராதனை என்று பெயர்.

"நீங்க எதுக்கும்மா அங்க போனிய?" என்று உபதேசியார் கேட்டார்.

"நான் எங்கய்யா போனேன்? மழைக்கு ஒதுங்குனேன்."

"தை மாசத்துல என்னளா மழ?" என்று கேட்டது அவள் புருஷனேதான்.

"பம்பாய் மழைக்குத் தை என்ன, ஆனி என்ன! பேச வந்துட்டாவ."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது. அதற்கு மேல் யாரும் துருவவில்லை. துருவினால் இன்னும் எத்தனை பேர் மழைக்கு ஒதுங்கியது வெளியே வருமோ.

துணி சபையினுடையது. காலுக்குச் சீக்கு வந்த பிள்ளை சபையில் நான் ஒருத்திதான். அத்தனை கண்களும் என்மேல் வந்து நின்றன, பிறகு அந்தத் துணியைத் தைத்த அத்தைமேல் போயின. அந்த வாரமே கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. அப்பா தலைமை வகித்தார். அவர் விலகிக்கொண்டு வேறொருவரை உட்கார வைத்திருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்லவுமில்லை, அவருக்கும் தோன்றவில்லை. என் கவுனைக் கொண்டுவரச் சொன்னார்கள். அடியில் மடித்து விட்டிருந்த துணியில் ஒரு பட்டை இல்லை. கவுன் கைக்குக் கை மாறியது.

"எலி கடிச்ச மாதிரில்லா வெட்டியிருக்கு," என்றார் ஒருவர்.

"பயந்து பயந்து வெட்டுனா அப்பிடித்தான் இருக்கும்," என்றார் மேஸ்திரி.

நான் நடத்திய விசாரணையாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். சபைக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஒரு நூல் பிசகாமல் வெட்டித் தைத்தவள் அத்தை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் அவளுக்குக் கத்தரி கோணாது. அந்தப் பட்டையை அறுத்தது கத்தரியே இல்லை, சவரக் கத்தி. எங்கள் வீட்டில் சவரம் செய்துகொள்கிறவர் ஒருவர்தான். சாட்சியம் மேஜைமேல் கிடந்தது. அதைப் பரிசீலிக்க வேண்டியவர் மேஜைக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தார்.

அத்தை சமையல்கட்டு நிலைப்படியில் நின்றாள். அப்பா அவளைப் பார்க்காமல், கமிட்டித் தமிழில் கேட்டார்:

"இது குறித்து நீ சொல்ல விரும்புவது ஏதாவது உண்டா?"

அத்தை அவரைப் பார்த்தாள். அவர் நிமிர்வார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சிக்குத் தெரியாதத நான் என்ன சொல்லப்போறேன்," என்றாள். பிறகு கமிட்டியைப் பார்த்து, "புள்ளைய வச்சுக்கிட்டு இன்னும் பேச்சு வேண்டாம். அந்தப் பாயில நான் உக்காந்துக்கிடுதேன். காப்பி ஆறுது, குடிங்க," என்றாள்.

இதில் ஒப்புதல் எங்கே இருக்கிறது? நான் செய்தேன் என்று அவள் சொல்லவே இல்லை. அப்பா குறிப்பேட்டில் எழுதியபடியே வாசித்தார்: "குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது." ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். எல்லாரும் காப்பி குடித்தார்கள்.

அடுத்த ஞாயிறு அத்தை செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சபையில் அப்பாவின் மதிப்பு ஒரே நாளில் உயர்ந்தது. "கூடப் பொறந்தவன்னும் பாக்கலியே, மனுசன்னா இவருல்லா," என்று ஆராதனை முடிந்து வாசலில் பேசிக்கொண்டார்கள், அத்தைக்குக் கேட்கும்படியே. இதைக் கேள்விப்பட்டு ஐயர் மேலிடத்துக்கும் எழுதினார் போலிருக்கிறது. அப்பாவுக்குப் பம்பாய்த் தமிழ்ச் சபைகளின் பொதுக் கமிட்டியில் இடம் கிடைத்தது. நேர்மைக்கு எடுத்துக்காட்டாக அவரைக் காட்டி ஐயர் ஒரு பிரசங்கமே செய்தார். அப்பா முன்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் வெட்கமெல்லாம் அத்தையைப் பற்றியது. ஞாயிற்றுப் பள்ளியில் மேஸ்திரியின் மகள் கேட்பாள், "ஏட்டி பாய்க்காரி மருமவளே, ஒனக்கும் அந்தப் பாயில ஒரு மூலை உண்டாட்டி?" எனக்குக் காது எரியும். இத்தனைக்கும் அந்த அவமானத்துக்கு நான் நன்றாக நடந்தே போய் வந்துகொண்டிருந்தேன். மெழுகுதான் காலைத் தந்ததா, சபை ஜெபமா, ஆஸ்பத்திரியா என்று யாரும் தீர்மானம் போடவில்லை.

திருவிருந்து ஞாயிறு வந்தது. அப்பா முன்னால் நின்று அழைப்பை வாசித்தார். விலக்கப்பட்டவர்களில் திரும்பச் சேர விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேன்:

"எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டாத்தான் என்ன அத்தே? எல்லாரும் சிரிக்காவ."

"சொல்லலாந்தான். அப்பத்துக்கு முன்னால நின்னுல்லா சொல்லணும். அங்க நின்னு பொய் சொல்லவா?" என்றாள். பின்னலை இறுக்கி ரிப்பனைக் கட்டிவிட்டு, "தலைய ஆட்டாத," என்றாள்.

கண்டிப்பு தப்பு என்று வாதாடுகிறாள் போலும் என்றுதான் எனக்குப் புரிந்தது. பெரியவர்களும் வீம்பு என்றார்கள். வீட்டில் எல்லாம் பழையபடியே நடந்தது. அவள் பரிமாறினாள், அவர் சாப்பிட்டார். அப்பா மட்டும் சாப்பாட்டுக்கு முன் வாய்விட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருப்பார், ஆமென்கூடக் கேட்காது.

வருஷங்கள் போயின. சபைக்குச் சுவர் வந்தது, ஓடு வந்தது, பாய்கள் போய் பெஞ்சுகள் வந்தன. அத்தை கடைசிப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். அப்பமில்லாமலே அவள் அடக்கமும் ஆயிற்று. அடக்க ஆராதனையை நடத்தியவர் அப்பா. ஒழுங்கு ஒன்றும் பிசகவில்லை. பின்னால் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அதற்கும் வெகு காலத்துக்குப் பிறகு, அலுவலகத் தோழி ஒருத்தி தனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள் என்று மாஹிமில் இறங்கினேன். வாசலில் மெழுகில் செய்த கைகளும் கால்களும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நெரிசலில் என் கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய்ந்து, சேலை ஓரத்தில் சொட்டி வெள்ளையாகக் காய்ந்தது. நகத்தால் சுரண்டினேன். செதில் செதிலாக வந்தது. விரலில் மிருதுவாக உருண்டது. அங்கேயே, போகிற வருகிறவர்கள் இடிக்க இடிக்க, நின்றுவிட்டேன்.

தன் பிள்ளைக்காக ஒரு மனிதர் சபைச் சட்டத்தை மீறிப் போய் மாதாவிடம் நின்றதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அவர்மேல் பிரியம் கூடியதே அந்த ஒரு காரியத்தால்தான். நான் தலைகுனிவது அதற்குப் பிந்திய கூட்டக் குறிப்புக்காக.

இப்போதும் அந்தத் திருவிருந்து ஞாயிறுகள் கண்முன் வருகின்றன. அப்பா அழைப்பை வாசித்துவிட்டு, சட்டப்படி, சற்று நேரம் காத்திருப்பார். கொட்டகையே அத்தையைத் திரும்பிப் பார்க்கும். அத்தை பீடத்தைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பாள், மாதா மாதம், முகத்தில் கோபமே இல்லாமல். அவர் புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். இவள் எழுந்து நின்று தொலைத்தால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் நான். எழ வேண்டியவர் ஏற்கெனவே எழுந்துதான் நிற்கிறார், அத்தை காத்திருப்பது அவர் வாய்திறப்பதற்கு என்பது எனக்குத் தெரியவில்லை.