லாக்கப்பைக் காட்டிய ஆவுடைத்தாய்

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க யாராவது வந்தார்கள் என்றால், அவர்கள் பஸ் மாறி ஏறியவர்களாகத்தான் இருக்க வேண்டும். பட்டாசு ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் சிவகாசியோடு திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றுலா நடத்திய ஒரே ஆள் ஆவுடைத்தாய் அக்கா. மற்ற நாளெல்லாம் வெம்பக்கோட்டை ரோட்டுப் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைப்பார். மருந்து ரூமில் வாயைத் திறக்காமல் அடக்கி வைத்த பேச்செல்லாம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வெளியே வரும். அந்தக் குரலுக்கு ஆனைக்குட்டம் அணையில் மீன் துள்ளிக் கரையேறியதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. குழம்பு மட்டும் சாப்பிட்டேன்.

அக்கா காட்டும் இடங்களுக்கு எந்த மந்திரியும் மாலை கொண்டுவந்ததில்லை. டாஸ்மாக் கடைக்குப் பின்னால் வெட்டுப்பட்ட ஒரு புளியமரத்து மூடு இருக்கிறது. நாற்பத்திரண்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில், அந்த மரத்தில்தான் கொடி கட்டினார்கள். இப்போது அங்கே காலி பாட்டில் அடுக்குகிறார்கள். அடுத்தது உம்மு சல்மாவின் ஃபேன்சி ஸ்டோர் வாசல். சல்மாவின் பாட்டனார் முகம்மது இஸ்மாயில் துணி வியாபாரி. தன் கடையில் இருந்த சீமைத்துணியை எல்லாம் அந்த வாசலில் போட்டுத் தானே கொளுத்தியவர். வளையல் வாங்கினால்தான் மீதிக் கதை என்று சல்மா வந்தவர்களை மிரட்டுவார். பாதிப் பேர் வாங்கியும் விடுவார்கள்.

கடைசியில்தான் பழைய லாக்கப். கருங்கல்லில் கட்டிய ஒற்றை ரூம், வெளியே தாழ்ப்பாள் வைத்த இரும்புக் கம்பிக் கதவு. தந்திக் கம்பியை அறுத்தார்கள் என்று இஸ்மாயிலையும், அக்காவின் மாமனார் சங்கிலிமுத்துவையும், கருப்பணன், முனியசாமி என்ற இரண்டு கூலிக்காரர்களையும் வெள்ளைக்காரன் போலீஸ் அதில்தான் அடைத்துப் போட்டது. அங்கே வாங்கிய அடியில் சங்கிலிமுத்துவுக்கு இடது காது போயிற்று. தியாகி பென்ஷன் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு கல்வெட்டில் பேரும் இல்லை. அதில் இருப்பதெல்லாம் பங்களா வீட்டுப் பேர்கள். சங்கிலிமுத்து என்று ஒருத்தர் நாட்டுக்காக அடிபட்டார் என்பதற்கு ஊரில் மிச்சம் அந்த ரூம் ஒன்றுதான்.

அதற்குத்தான் வந்தது ஆபத்து. 2007-இல் சுதந்திரத்துக்கு அறுபது வயது என்று பேரூராட்சியில் ஒரு அலங்கார வளைவு கட்ட முடிவு செய்தார்கள். வளைவின் ஒரு கால் நிற்க அவர்களுக்குக் கிடைத்த இடம் லாக்கப். சுதந்திரத்துக்கு வளைவு கட்ட, சுதந்திரம் கேட்டவர்களை அடைத்த ரூமையே இடிக்கிற மூளை எங்கள் ஊர் மண்ணில்தான் விளையும்.

அக்கா பேரூராட்சி ஆபீஸுக்குப் போய், இடிக்காதீர்கள் என்று கேட்டார். செயல் அலுவலர் நல்லசிவம், பார்க்கலாம் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு, கோர்ட்டு கச்சேரி எதுவும் திறந்திருக்காத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஜேசிபியை வரச் சொல்லிவிட்டார். அது அக்காவின் சுற்றுலா நாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு, கல்யாணத்துக்கு வந்த மல்லாங்கிணற்றுச் சனத்தில் மூன்று பெண்களை அக்கா லாக்கப்புக்குள் கூட்டிப் போயிருந்தார். மருந்து ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது. ஆணி உரசிப் பொறி பறந்தால் ஆள் தேறாது. நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கவும் கூடாது. அந்தப் பழக்கத்தில் லாக்கப்புக்கும் அக்கா அதே சட்டம்தான் போடுவார். வாசலில் நாலு சோடிச் செருப்பு வரிசையாகக் கிடந்தது. உள்ளே, அடிபட்டவர்களுக்காக எல்லோரும் கண்ணை மூடிச் சத்தமில்லாமல் நின்றார்கள்.

ஜேசிபி ஓட்டி வந்த மாரிக்கண்ணன் வெம்பக்கோட்டைக்காரன். செருப்பு வரிசையைப் பார்த்தான். உள்ளே இருட்டில் ஆள் அரவம் இருந்தும் பேச்சில்லை. நம் பக்கத்தில் பிறந்தவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ லைசென்ஸ் இல்லாமல் உள்ளே மருந்து அடைக்கிறார்கள். வண்டியை அப்படியே போட்டுவிட்டு அவன் ஓடிய ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் ரெண்டு மெடல் கொடுத்திருக்கலாம். அவன் போட்ட சத்தத்தில் தெருவே காலியானது. பரோட்டா மாஸ்டர் கையில் மாவோடு ஓடினார். தீயணைப்பு வண்டி வந்தது, போலீஸ் வந்தது, பின்னால் நல்லசிவமும் வந்தார். ஓடிப்போன சனமெல்லாம் எட்டத்தில் நின்று எட்டிப் பார்த்தது.

அவ்வளவு களேபரத்திலும் கண் திறக்காத அக்கா சைரன் சத்தத்துக்குத்தான் வெளியே வந்தார். மருந்து எங்கே என்று எஸ்.ஐ. கேட்டார். மருந்தாவது மாத்திரையாவது, இது வரலாறு என்றார் அக்கா. மாரிக்கண்ணன் உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அசடு வழிந்தான். விஷயம் தெரிந்ததும் சனம் கிட்டே வந்தது. அக்காவின் சுற்றுலாவுக்கு அதுவரை சேர்ந்த கூட்டத்தை எல்லாம் கூட்டினாலும் அன்றைக்கு நின்ற கூட்டத்தில் கால்வாசி தேறாது. விடுவாரா? ரோட்டில் நின்றபடியே நாலு பேர் கதையையும் சொல்லி முடித்தார். தீயணைப்பு வீரர் ஒருத்தர் மூக்கைச் சிந்தினார்.

நல்லசிவத்துக்கு மட்டும் முகம் மிளகாய் வற்றலாகிவிட்டது. ஊரைப் பீதியாக்கியதாகவும் அரசாங்க வேலையைத் தடுத்ததாகவும் கேஸ் போடும்படி எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டு, அக்காவிடம் திரும்பினார்.

"நீ சொல்ற நாலு பேரும் தியாகின்னு எந்தக் கவர்மெண்டும் சொல்லலம்மா. வழிய விடு."

"கவர்மெண்டு சொல்லித்தான் எம் மாமனாரு அடி வாங்குனாரா? நீக இடிங்க சார். நான் உள்ள உக்காந்திருக்கேன், என்னயும் சேத்து இடிங்க."

சொன்னபடி உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தார். மல்லாங்கிணற்றுப் பெண்களும் கல்யாணப் பட்டுச்சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எஸ்.ஐ. பாடுதான் திண்டாட்டம். பெண்ணைத் தொட்டுத் தூக்கப் பெண் போலீஸ் வேண்டும். இருந்த ஒரே பெண் போலீசும் ஸ்ரீவில்லிபுத்தூர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். வேறு வழி தெரியாமல், அந்த அம்மா வரும்வரை இங்கேயே இரு என்றார்.

"இருன்னா எப்படி? கைதா இல்லையா, வெவரமாச் சொல்லுங்க. கைதுன்னா கதவப் பூட்டுங்க."

கூட்டம் சிரித்தது. நல்லசிவம் பூட்டு பூட்டு என்று குதித்தார். எரிச்சலில் எஸ்.ஐ. கை காட்ட, ஒரு போலீஸ்காரர் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். அறுபத்தைந்து வருஷம் கழித்து அந்தத் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிப் போனது. உம்மு சல்மா முன்னால் வந்து கதவுக் கம்பியைப் பிடித்தார்.

"எங்க பாட்டனார அடச்ச எடத்துல எங்க அக்காவ அடச்சிருக்கீக. தொறந்து என்னயும் உள்ள விடுங்க."

மாரிக்கண்ணன் ஜேசிபி சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வாடகை ஆளாக இருந்தாலும் இதைத் தொட மாட்டேன் என்று நல்லசிவத்திடம் முகத்துக்கு நேராகச் சொன்னான். பொட்டல்பட்டிப் பக்கம் ஏதோ பாராட்டு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்த பத்திரிகைக்காரர் ஒருவர் பைக்கை நிறுத்திப் படம் எடுத்தார். அதைப் பார்த்ததும் எஸ்.ஐ. அவசரமாகத் தாழ்ப்பாளைத் திறக்கச் சொன்னார். கம்பிக்குப் பின்னால் அக்காவும் மூன்று பட்டுச்சேலைகளும், வெளியே கதவைப் பிடித்தபடி சல்மாவும் மறுநாள் பேப்பரில் வந்தார்கள். கீழே, அறுபதாம் ஆண்டில் தியாகிகள் அறையில் பெண்கள் அடைப்பு என்று எழுதியிருந்தது. அன்று மதியமே மேலிடத்திலிருந்து போன் வந்தது. ரூமைத் தொடக் கூடாது என்று உத்தரவு. வளைவு எங்கோ தள்ளிப்போய், யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி ரோட்டில் கோணலாக நிற்கிறது.

அடுத்த ஞாயிறு சல்மா வாங்கிக் கொடுத்த பெயிண்டில் அக்கா லாக்கப் சுவரில் நாலு பேரையும் எழுதினார். கீழே ஐந்தாவதாகத் தன் பேரையும் எழுதினார். நாலு பேரோடு உன் பேருக்கு என்ன வேலை, அதை அழி என்று நல்லசிவம் வந்து நின்றார்.

அக்கா பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தார்.

"நான் அழிக்க மாட்டேன். ஒங்களுக்கு அம்புட்டு உறுத்துச்சுன்னா நீகளே அழிங்க. ஊரே பாத்துக்கிட்டுத்தான் இருக்கு."