மூன்றாவது பாட்டை எழுதியது யார்?

போன ஞாயிறு மதியம் செகந்தராபாத்தை ஒட்டிய எங்கள் நாச்சாரம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பிரசங்கம் நடந்தது. காலையில் சர்ச்சில் கேட்டது போதாதா என்று கேட்காதீர்கள். இது வேறு பிரசங்கம்... ஹார்டு ராக் பற்றியது.

பிரசங்கி, என் கணவர் ஜெபா. கேட்டவர்கள் நான், மகள் நிஷா, என் மாமியார். அத்தையை உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அவர் தலை காட்டாத வாரம் குறைவு. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: பெயர் எஸ்தர், வயது எண்பது, மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்து ரிட்டயர் ஆனவர். செகந்தராபாத்துக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகியும் திருநெல்வேலித் தமிழை விடாதவர். என்னோடு தினமும் ஒரு சண்டையாவது போடுபவர்.

ஆரம்பித்து வைத்தது நிஷாதான். ஜெபா இளவயதிலிருந்து உயிராய்க் கேட்கும் வெளிநாட்டு ஆல்பம் ஒன்று உண்டு. அதிலுள்ள பெரிய ஹிட் பாட்டை எழுதியவர்கள் யார் என்று போனில் பார்த்துவிட்டு, "டாடி, இதை பேண்ட் மட்டும் எழுதல. வெளியாள் ஒருத்தர் பேரும் இருக்கு" என்றாள்.

ஜெபா ரசம் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "ரெக்கார்டு கம்பெனிக்காரன் திணிச்சிருப்பான். வலி உன்னுது, வார்த்தை அடுத்தவனுதா? வெளியாளை வச்சு எழுதுறவன் ராக்கரே இல்ல."

இந்தப் பழக்கம் உலகம் முழுக்க உண்டாம். கித்தாரில் நெருப்புப் பறக்கும், ஆனால் பாட்டுக்கு வார்த்தை வராது. சத்தமில்லாமல் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வருவார்கள். அவர் பெயர் அட்டையில் பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். தீவிர ரசிகர்கள் கண்ணில் அது பட்டால் போச்சு... விலை போய்விட்டார்கள் என்று குதிப்பார்கள். ஜெபா அந்தக் கட்சி.

அவர் குதிக்கலாம். ஏனென்றால் அவரும் ஒரு காலத்து ராக்கர்.

சர்ச் கொயரில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தவர், தோள் வரை முடி வளர்த்து, மூன்று நண்பர்களோடு ஒரு பேண்ட் ஆரம்பித்தார். பேகம்பேட்டில் டிரம்மர் ரமணன் வீட்டு ஸ்கூட்டர் ஷெட்டில் பயிற்சி. பழைய ஏர்போர்ட் பக்கம் என்பதால் விமானம் இறங்கும் சத்தத்தில் இவர்கள் சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தெரியாது என்று நம்பினார்கள். ஒரே ஒரு கேசட் வெளிவந்தது. அட்டையில் மண்டை ஓடு. உள்ளே, 'எல்லாப் பாடல்களும்: பேண்ட்' என்று ஒரு வரி. பின்னால் சண்டை வரக்கூடாது என்று செய்துகொண்ட ஏற்பாடு.

அந்தக் கேசட்டில் மூன்றாவது பாட்டு மட்டும் மெதுவாகப் போகும். ஆங்கிலப் பாட்டுதான். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். தோழியிடம் இரவல் வாங்கிய கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. அந்தப் பாட்டில் ஒரு இடம் வரும். 'எப்போது வருவாய் என்று கேட்க மாட்டேன். உனக்காகக் கதவைத் திறந்து வைக்கவும் மாட்டேன். கதவையே கழற்றி வைத்துவிடுகிறேன்...'

எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு இளகாது? எனக்கு இளகியது. கழற்றிய கதவு வழியாக நேரே நடந்து போய்விட்டேன்.

எங்களுடையது திருச்சியிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். ப்ராட்டஸ்டன்ட் பையன், அதுவும் முடி வளர்த்தவன் என்றதும் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். நான் அந்த வரிகளை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினேன். பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"இதை அவனே எழுதினானா?"

"ஆமாப்பா."

"சரி, வரச் சொல்லு."

அப்படித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

பிரசங்கத்துக்கு வருகிறேன். ஜெபா பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. ரமணன். இப்போது தலையில் முடி இல்லை, மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் பெரிய மேனேஜர். ஜெபாவின் கை ரசத்தில் இருந்ததால் நிஷா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய் ஜெபா, நம்ம ஆல்பத்தை ஆன்லைன்ல ஏத்திட்டிருக்கேன். ஒவ்வொரு பாட்டும் யார் எழுதினதுன்னு தனித்தனியா கேக்குறான். பேண்ட்னு போட்டா நக்கோ, முடியாதுங்கிறான்."

"நாலு பேர் பேரையும் போட்டுடு."

"ஹவ், சரிடா, போட்டாச்சு. மூணாவது பாட்டு லிரிக்ஸுக்கு மட்டும் உங்க மம்மி பேரைப் போட்டுடவா? அவங்கதானே எழுதினாங்க."

ஜெபா ரசக் கையோடு எட்டி இணைப்பைத் துண்டித்தார்.

நிஷா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை... பயமாக இருந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் என் பிறந்தநாளை மறந்திருக்கிறார், என்னை ஸ்டேஷனில் காக்க வைத்திருக்கிறார், நான் அழுதபோது கிரிக்கெட் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றுதான் — உள்ளுக்குள் இவர் கதவைக் கழற்றி வைக்கிற ஆள். அந்த ஆள் இவர் இல்லையென்றால்?

"நீங்க எழுதலையா?" என்று கேட்டேன்.

"மியூசிக் நான்தான்" என்றார்.

"நான் மியூசிக்கையா கேட்டேன்?"

"அம்மா இங்கிலீஷைக் கொஞ்சம் திருத்தினாங்க..."

அதுவரை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தாமலே பேசினார். "திருத்துனேனா? நீ கொண்டுவந்த தாள்ல 'பேபி'ங்கிற வார்த்தையத் தவிர என்னல இருந்துது?"

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? "ராக் பாடுறவனுக்கு அவன் அம்மா பாட்டு எழுதிக் குடுத்தாங்கன்னா காலேஜ்ல எவன் மதிப்பான்?" என்றார் ஜெபா, பாதி அழுகையாய்.

"நானும் போட வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார் அத்தை. "மண்டை ஓட்டுக்குக் கீழ என் பேரா? சர்ச்சுப் பெண்கள் சங்கத்துல யாரு பதில் சொல்லுதது?"

சாப்பாடு முடிந்து, பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு அத்தையின் அறைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மாமனாரை நினைத்து எழுதியிருப்பார் என்று ஒரு யூகம் எனக்கு.

"யாரை நினைச்சு அத்தை எழுதினீங்க?"

"யாரை நினைக்க? இவனைத்தான். பேகம்பேட்டுல கொட்டடிச்சுட்டு நினைச்ச நேரத்துக்கு வருவான். எனக்குக் காலைல ஆபீஸ். எந்திச்சு எந்திச்சுக் கதவைத் திறந்து காலு ஓஞ்சு போச்சு. இதுக்குக் கதவைக் கழத்தியே வச்சிரலாம்னு தோணுச்சு. எழுதுனேன்."

"அப்ப அது காதல் பாட்டு இல்லையா?"

"காதலா? கம்ப்ளெய்ண்ட்டுல்லா அது."



எங்கள் வீட்டில் நடக்கும் பெரிய சண்டை எது தெரியுமா? வாசல் கதவு. வீட்டின் கடைசி ஆள் திரும்பும்வரை அதைச் சாத்த அத்தை விடமாட்டார். அபார்ட்மெண்ட் முழுக்க எட்டிப் பார்க்கும், கொசு வரும். நான் சாத்துவேன், அவர் திறப்பார். கல்யாணமான புதிதில் பத்திரிகை ஆபீஸில் வேலை முடித்து நான் தாமதமாக வருவேன். திறந்த கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருப்பார். ஒரு கேள்வி கேட்கமாட்டார், எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார். என் மேல் சந்தேகம், வேவு பார்க்கிறார் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

எப்போது வருவாய் என்று அவர் கேட்டதே இல்லை. அந்தப் பாட்டில் இருப்பது போலவேதான் இருந்திருக்கிறார்... மனப்பாடமாகத் தெரிந்த எனக்குத்தான் அது உறைக்கவில்லை. அந்த வீட்டுக்கு நான் வெளியாள், அந்த பேண்டுக்கு அவர் வெளியாள். அப்பாவிடம் நான் சொன்னது முழுப் பொய்யில்லை. எழுதிய ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன். இதை எழுதும்போது கண் கலங்குகிறது, மறைக்க விரும்பவில்லை.

"ரமணன்கிட்ட உங்க பேரைப் போடச் சொல்லவா அத்தை?"

"மண்டை ஓடு இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"இருந்துட்டுப் போட்டும். போடச் சொல்லு." தலையணையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "ஏன் ஸ்டெல்லா, நீ வாராவாரம் பேப்பர்ல எழுதுதியே... அதுல பாதி நான் பேசுனதுதான? அங்க உன் பேரு மட்டும்லா இருக்கு" என்றார்.

"தமிழ் நான்தான் எழுதுறேன் அத்தை."

"அவனும் இப்படித்தான் மியூசிக் நான்தான்னு சொன்னான்."

அன்று சாயங்காலம் நிஷா வெளியே கிளம்பினாள். அவள் பின்னால் கதவைச் சாத்தப் போன நான், பாதியில் கையை எடுத்துக்கொண்டேன். கொசு வந்தது, வரட்டும்.

இந்தப் பத்தியை எழுதியவர்கள்: எஸ்தர், ஸ்டெல்லா. (அவர் பெயர் முதலில் வரவேண்டும் என்பது நிபந்தனை.)