பறிக்காமல் விட்ட மூலை

காபிச் செடியில் ஒரு பழம்கூட மிச்சம் வைக்கக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லியே நான் அரசாங்கச் சம்பளம் வாங்கினேன். பழத்தைத் துளைத்து உள்ளே முட்டையிடும் கறுப்பு வண்டு ஒன்று உண்டு. இங்கே எல்லோரும் அதைப் போரர் என்பார்கள். பறிப்பு முடிந்தபின் செடியில் தங்கும் பழமும் தரையில் கிடக்கும் பழமும்தான் அடுத்த பருவம்வரை அதற்குச் சத்திரம். இந்த மலைக் கிராமங்களான தலைச்சோலையிலும் கொட்டச்சேட்டிலும் நான் பேசாத கூட்டமில்லை. கேட்டவர்கள் கொட்டாவி விடாத கூட்டமுமில்லை. ஓய்வு பெற்றபின் கொஞ்சம் நிலம் வாங்கி, நான் சொன்னதையெல்லாம் நானே செய்யத் தொடங்கினேன்.

என் வீட்டு மாடிக்கு ஒரு யூதக் குடும்பம் வாடகைக்கு வந்தது. கணவர் இங்குள்ள விடுதிப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். மனைவி சென்னையில் வளர்ந்தவர். இரண்டு பெண் குழந்தைகள். இந்த மலையில் அவர்களுக்கு ஜெபக்கூடம் கிடையாது, வேதம் சொல்லித்தர ஆளும் கிடையாது. அதனால் அம்மாவே ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டளைகளைக் கையால் செய்யவைத்துக் கற்பித்தார். ஒரு வாரம் ரொட்டி மாவு பிசைந்து அதில் கடவுளுக்கென்று ஒரு துண்டை எடுத்து வைத்தார்கள். இன்னொரு வாரம் அட்டைப்பெட்டியில் வீடு செய்து, மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் ஒட்டினார்கள். யாரும் விழுந்துவிடக் கூடாது என்று வேதத்திலேயே விதி இருக்கிறதாம். கட்டட அனுமதி வழங்குகிறவர்கள் யாராவது படித்துப் பார்க்கலாம்.

மழை விடும் சமயத்தில் அந்த அம்மா இறங்கி வந்தார்.

"அங்கிள், உங்க தோட்டத்துல ஒரு மூலை வேணும். அறுவடை பண்ணும்போது ஓரத்தை முழுசா எடுக்கக் கூடாது, ஏழைக்கும் வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்கும் விடணும்னு எங்களுக்கு ஒரு கட்டளை. சரியாச் சொன்னா அது எங்க தேசத்து நிலத்துக்குத்தான். இங்க கட்டாயமில்ல. பசங்க செஞ்சு பாக்கட்டுமேன்னு."

பொருந்தாத இடத்தில் ஒரு விதியை அமல்படுத்துவது எனக்குப் புதிதல்ல. சரி என்றேன். படம் வரைந்து மாட்டுவார்கள் என்று நினைத்தேன். குழந்தைகள் மூலையிலிருந்த செடிகளைச் சுற்றி மஞ்சள் கம்பளி நூல் கட்டி, பலகையும் நட்டார்கள்: 'ஏழைகளும் வெளியூர்க்காரர்களும் இங்கே பறித்துக்கொள்ளலாம்.'

மற்ற செடிகளில் பறிப்பு முடிந்தது. மூலை மட்டும் சிவப்பாக நின்றது. ஒருவரும் வரவில்லை. பழம் கருஞ்சிவப்பானது, பிறகு கறுக்கத் தொடங்கியது. நான் தினமும் நூலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டேனா என்பது மறந்துபோகும், மூலை மறக்காது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று விசாரித்தார்.

"ஏனுங் சார், ஒரு காய்கூட உடக்கூடாதுன்னு எங்களையெல்லாம் உக்காரவெச்சுப் பேசுனீங்களே. இது யாருக்குங் படையலு?"

"கொழந்தைங்க பாடமுங்க."

"போரரு எங்க தோட்டத்துக்கு வந்து பாடம் நடத்தாம இருந்தாச் சரிதானுங்."

அன்று மதியமே மூலையில் ஒரு பழத்தின் நுனியில் குண்டூசித் துளையைக் கண்டேன். போரர்தான். வழக்கமாக எனக்குப் பழம் பறிக்கும் கொட்டச்சேட்டுப் பெண்மணி அப்போது மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மூலையை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன்.

மாடிவீட்டுக் குழந்தைகளில் பெரியவளுக்கு ஒன்பது வயது. எங்கிருந்துதான் வந்தாளோ. "தாத்தா, நீங்க சொல்லக் கூடாது! யாருக்குன்னு ஓனர் முடிவு பண்ணக் கூடாது. அவங்களா வரணும்."

பெண்மணி இடுப்பில் கை வைத்தார். "எப்படி கண்ணு வருவோம்? ஏழைன்னு போர்டு வெச்சுக் கூப்பிட்டா யாரு சாமி வருவா? வெளியூர்க்காரங்கன்னா அது நீங்கதான். நாங்க இந்த மலையிலயே பொறந்தவங்க. நீங்களே பறிச்சுக்கங்க." பிறகு என்னிடம் திரும்பினார். "அப்பறம் பழத்தைத் தூக்கிட்டு ரோட்டுல போனா, எந்த எஸ்டேட்ல எடுத்தேன்னு வாட்ச்மேன் கேப்பானுங்க. போர்டைப் புடுங்கிட்டுப் போயி அவங்கிட்டக் காட்டச் சொல்றீங்களா?"

பெரியவளின் முகம் சுருங்கிப்போனது. அம்மா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்து மகளோடு சேர்ந்து பலகையைப் பிடுங்கினார். எனக்கு மிச்சமிருந்தது வாட்ச்மேன் பிரச்சினை. யாருக்கென்று நான் முடிவு செய்யக் கூடாது. ஆனால் எடுப்பவர்கள் திருடர்கள் இல்லை என்று சொல்லலாம், அல்லவா? கேட்டேன். அம்மா யோசித்து, அது தப்பில்லை என்றார்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போனேன். எஸ்டேட் வாட்ச்மேன், கணக்கெழுதும் ரைட்டர், வேலையாட்கள், படையலைப் பற்றி விசாரித்த பக்கத்துத் தோட்டக்காரர் எல்லோரும் இருந்தார்கள். என் தோட்டத்து மூலையில் யார் பறித்தாலும் அது அவர்களுடையது, யாரும் வழிமறிக்கக் கூடாது என்று கூட்டத்தில் பேசுவதுபோல் பேசினேன். இந்தமுறை யாரும் கொட்டாவி விடவில்லை, சிரித்தார்கள்.

அன்று உச்சி வெயிலில் அந்தப் பெண்மணி இன்னும் இருவரோடு சாக்குப் பையுடன் வந்தார். "அப்பறம் கேக்க மாட்டீங்கல்ல?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு நூலைத் தாண்டினார். மூவரும் பேசிக்கொண்டே பறித்தார்கள். காய்ந்த பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒவ்வொன்றும் எனக்கு ஒரு போரராகத் தெரிந்தது. என்னையறியாமல் குனிந்தேன்.

"தாத்தா, எடுக்காதீங்க. விழுந்ததும் அவங்களோடதுதான்" என்றாள் பெரியவள்.

நிமிர்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர்கள் பொறுக்காமல் போய்விட்டால் நான் கேட்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. பெண்மணி ஒரு பழத்தை உள்ளங்கையில் வைத்துச் சிறுமியிடம் நீட்டினார்.

"இதுல ஓட்டை கண்ணு. ஓட்டையும் எங்களுதுதானா?"

அவள் அம்மாவைப் பார்க்காமலே "ஆமா" என்றாள்.

"சுடுதண்ணியில முக்கிட்டுக் காய வையுங்க" என்றேன். வாய் நிற்கவில்லை.

"தெரியுமுங். உங்க மீட்டிங்குக்கு நானும் வந்திருக்கறனுங்" என்றார். பிறகு மூவரும் உட்கார்ந்து சருகை விலக்கிப் பொறுக்கத் தொடங்கினார்கள். "நீங்க ஊட்டுக்குள்ள போங்க சார். நீங்க நின்னா நொம்பப் பயமா இருக்குது."

போனேன். ஜன்னல் வழியாக அந்த மூலை தெரியாது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆனாலும் சருகுக்கடியில் ஏதாவது தங்கியிருக்கும் என்று இன்றுவரை தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த வருடம் எந்த மூலை என்று சின்னவள் கேட்டிருக்கிறாள். மஞ்சள் நூலைச் சுருட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.