எட்டுப் பாகத்துல பார்

கன்டெய்னரின் சீல் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் பெனிஸ்டன் போனை எடுப்பார். ‘நங்கூரம்’ இசைக்குழுவின் புது ஆல்பத்தை யாராவது குறை சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அடுத்த லாரி வருவதற்குள் இருபது கமெண்டாவது படித்துவிடுவார். பாராட்டு என்றால் முகம் சுண்டிப்போகும். யாராவது ‘சுமார்’ என்று எழுதியிருந்தால் டீயோடு ஒரு வடையும் சொல்லுவார்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே உள்ள யார்டில் அவருக்கு வேலை. போன வருஷம் வரை அந்தக் குழுவில் கிதார் வாசித்தவர், பாட்டு எழுதியவரும் அவரே. ஆல்பம் பதிவு செய்யச் சென்னைக்குக் கிளம்புகிற நேரத்தில் பாடகன் செல்வினோடு சண்டை போட்டுக்கொண்டு விலகினார். பாட்டுக்கு உன் பேரைப் போடட்டுமா என்று செல்வின் கேட்டபோது இவர் சொன்ன பதில் யார்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: “எம்பேரப் போட்டுறாதல. கேக்குறவன் என்னயக் காறித் துப்பவா?” செல்வின் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. போடவில்லை.

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போகிறது. ஊர் ஊராகக் கச்சேரி, பத்திரிகையில் பேட்டி. இவருக்கு வயிறு எரிகிறது. “டிரம் அடிக்கானா, தகரத்தத் தட்டுதானா அண்ணாச்சி?” என்பார், யார்டில் கூடவே வேலை பார்க்கிற என்னிடம். மனைவி ஜெமிமா ஒரு நாள் சமைத்துக்கொண்டே “நல்லாத்தான பாடுதான்” என்று சொல்லிவிட்டார். அன்று மதியச் சோற்றை இவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். ‘கடல்சிங்கம்’ என்ற பொய்ப் பெயரில் ஆல்பத்தின் கீழே தினமும் ஒரு வசை எழுதுவார். நான் கண்டித்ததில்லை. அடுத்தவன் கதை அச்சில் வந்தால் பிழை தேடுகிற ஆள் நான். எனக்கு ஏது யோக்கியதை?

நேற்று ஒரு கோவைப் பெண் எழுதியிருந்தார்: “‘பார் பார், எட்டுப் பாகத்துல பார்’ — எட்டுத் திசையிலும் தன்னையே பார்க்கச் சொல்லிக் காதலியைக் கெஞ்சுகிறான். என்ன வரி!”

பெனிஸ்டன் டீயைக் கீழே வைத்துவிட்டார். “பார்னா கண்ணால பாக்கதா? கடலுக்கு அடியில கெடக்குற பாறைல்லா!” ஆத்திரத்தில் மடமடவென்று அவளுக்குப் பதில் தட்டினார்: “ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்குவோம். பாறையில் தட்டினால் வள்ளத்தில் கத்துவோம், ‘பார்’ என்று. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். மீனும் முத்துச்சிப்பியும் அங்கேதான் கிடக்கும். பெரியதாழையில் எங்க அப்பா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தப் பாட்டை எழுதினேன்.”

அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினோம் என்பது அவருக்கே உறைத்தது. அழிப்பதற்குள் கீழே செல்வினின் பதில் வந்துவிட்டது: “ஏலே பெனிஸ்டன், நீயால கடல்சிங்கம்?”

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது, எழுந்திருக்கவும் இல்லை. கணக்கின் பெயரில் இருந்த கடல்சிங்கத்தை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அந்த இடத்தில், இனிஷியலையும் விடாமல், ‘அ. பெனிஸ்டன்’ என்று தட்டினார்.