பெரியம்மா ஊரில் எங்கள் காசு பெருத்த வருடம்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி. விடுதிக்குக் கொண்டுபோகப் பெரிய பெட்டி ஒன்று கிடைக்குமா என்று போன வாரம் வந்து கேட்டாள். பரணில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது என்று நாற்காலி போட்டு ஏறி இறக்கினேன். சக்கரம் வைத்த நீலப் பெட்டி. ஜிப்பை இழுத்ததுமே பழைய பால்பவுடர் வாசனை மூக்கில் வந்து ஏறியது. மூலையில் மஞ்சளாகக் கட்டிதட்டிக் கிடந்ததை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "கொழும்பு போறதுக்காக வாங்குனதும்மா" என்றேன்.

"ஐ, கொழும்பா! எப்படிக்கா இருந்துச்சு?"

"போகல."

நாகரிகமான பெண். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் ஒரு வாரமாக எனக்குள்ளேயே கிடக்கிறது. உங்களிடமாவது இறக்கி வைக்கிறேன்.

என் அம்மா பிறந்தது இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்துச் சனங்களில் இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டதில், பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, பூர்வீகமான சின்னமனூர்ப் பக்கம் சேர்ந்தவள். அவளுடைய ஒரே அக்கா ராசம்மாவுக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. புருஷன் வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அதன்பிறகு அக்காளும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. முதலில் காசு இல்லை. பிறகு அங்கே சண்டை. சண்டை ஓய்ந்தபோது இங்கே என் அப்பாவுக்கு நோவு. அதற்கப்புறம் என் கல்யாணம், என் பிரசவம். அம்மாவின் பயணத்தைத் தடுத்தவர்கள் பட்டியலில் நானும் நல்ல இடத்தில்தான் இருக்கிறேன்.

சின்ன வயதில் எனக்குப் பெரியம்மா என்றால் ஒரு வாசனை. யாரோ தெரிந்தவர் கையில் ஒருமுறை கால் கிலோ தேயிலை கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா அதைக் கொதிக்க வைக்காமல், டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பார்த்தே ஒரு வருடத்தை ஓட்டினாள். கடைசியில் டீ போட்டபோது வைக்கோல் தண்ணீர் மாதிரி இருந்தது. "எப்படி இருக்கு பாத்தியா!" என்றாள். நன்றாக இருக்கிறது என்றுதான் நானும் சொன்னேன்.

வாசனை என்றதும் என் வேலை நினைவு வருகிறது. போடியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில், வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் அனுப்பவும் பில் போடவும் சேர்ந்தேன். தேனி அல்லிநகரத்து வீட்டிலிருந்து தினமும் பஸ். சாயங்காலம் திரும்பும்போது என் சேலை அடிக்கும் வாசத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள், "வீட்ல விசேசமா?" என்று விசாரிப்பார்கள். ரூபாய் மதிப்பு என்கிற சங்கதியை நான் கற்றுக்கொண்டது அந்த அலுவலகத்தில்தான். தப்பாகக் கற்றுக்கொண்டேன். முதலாளி ஏலக்காயை டாலரில் விற்று ரூபாயில் வரவு வைக்கிறவர். நம் ரூபாய் இறங்கினால் அவருக்குக் கூடக் கிடைக்கும். அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் வடை. "ரூவா படுத்துருச்சப்பா, வடை சொல்லுங்க" என்று அவர் குரல் கொடுத்ததும் மேசை மேசையாகக் காகிதம் விரித்துக்கொள்வோம். சுவரில் தொங்கும் டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர் நாட்டின் நிலைமையை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் தின்றுகொண்டிருப்போம். வருடக்கணக்கில் இப்படித் தின்றதில், காசு விழுவது நல்ல செய்தி என்று என் மண்டையில் பதிந்துவிட்டது.

கொரோனா அடங்கியதும், இந்த வருடம் எப்படியும் போய்விடுவது என்று முடிவானது. எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. பிள்ளையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், பதினைந்து நாள் தங்கல், பெரியம்மா மகள் செல்விக்கு ஒரு ஜோடித் தோடு. எப்படிப் பார்த்தாலும் கொஞ்சம் துண்டு விழுந்தது. முதலாளியிடம் முன்பணம் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு மாதம் பொறுப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கும் என்னை நானே நறுக்கென்று கிள்ளிக்கொள்வது அந்த இரண்டு மாதத்துக்காகத்தான்.

அந்த இரண்டு மாதத்துக்குள் இலங்கைப் பணம் சரிந்தது. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே இரண்டரை ரூபாய் சொச்சம் கிடைத்துக்கொண்டிருந்தது, மூன்றானது, மூன்றரையானது, நாலைத் தாண்டியது. காலையில் பல் விளக்குமுன் போனில் அதைத்தான் பார்ப்பேன். துண்டு விழுந்த காசு தன்னால் நிறைந்துவிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே தேனியில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போய் இரண்டு டிக்கெட் போட்டேன். ரத்து செய்தால் பெரிதாக ஒன்றும் திரும்பாது என்று கடைக்காரர் சொன்னபோது, "நாங்க ஏன் சார் ரத்து பண்ணப்போறோம்?" என்று சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் போனைப் பிடுங்கி, "பெரியம்மா, எங்க காசு ஒங்க ஊருல இப்ப டபுளு மாதிரி! வந்தா ராணி கணக்கா இருப்போம்!" என்று கத்தினேன்.

 பெரியம்மா சிரித்தாள். "வா ஆத்தா. வந்து ஊரையே வெலைக்கு வாங்கிட்டுப் போ." உடனேயே, "கரண்டு போற நேரம், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அங்கன பால்மாவு வெல என்னான்னு தெரியுமாடி ஒனக்கு? செல்வி பகல் முச்சூடும் கொழுந்து பறிச்சாலும் ஒரு பாக்கெட்டு வாங்க முடியலையாம். பேரப்புள்ளைக வரக்காப்பி குடிக்குதுக. நீ டபுளுங்கிற. எவ வயித்துலருந்து எடுத்துடி ஒனக்கு டபுளு?"

அம்மா வடை தின்று பொருளாதாரம் படித்தவள் இல்லை. அதனால் அவளுக்குச் சட்டென்று புரிந்திருந்தது. நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா பாத்திரம் கழுவினேன்.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். பெட்ரோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. கொழும்பு விமானங்கள் எண்ணெய் போட்டுக்கொள்ளத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவதாகச் செய்தி படித்தேன். விமானத்துக்கே எண்ணெய் இல்லாத நாட்டில் எங்களை மலைமேல் யார் ஏற்றிவிடுவார்கள்? ஆனாலும் நான் விடவில்லை. கொழும்பிலிருந்து அட்டன் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ் ஓடினால் பஸ், இல்லாவிட்டால் நடை என்று தாளில் எழுதி வைத்தேன். அம்மா தன் பங்குக்குப் பெட்டியை நிரப்பினாள். எட்டு பாக்கெட் பால்பவுடர், துவரம்பருப்பு, பொன்னி அரிசி, மெழுகுவத்தி, காய்ச்சல் மாத்திரை. தெருமுனை அரிசிக்கடைத் தராசில் பெட்டியை ஏற்றி நிறுத்தோம். கடைக்காரர், "ஆத்தா, டூரு போறியா, கட போடப் போறியா?" என்று கேட்டார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சில மாதங்களில் அவள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா போனில் சொன்னாள், "அக்கா, அரிசி பருப்பு பால்மாவு எல்லாம் நாங்களே கொண்டாந்துர்றோம். நீ எங்களுக்குன்னு ஒண்ணும் தேடி அலையாத."

ஸ்பீக்கர் போட்டிருந்தாள். பெரியம்மா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"பாக்கியம், நாப்பத்தெட்டு வருசங்கழிச்சு வர்ற. ஒனக்கு ஒரு வாய்ச் சோறு நான் போட வேணாமா?"

"இருக்குற நெலமையில எதுக்குக்கா?"

"நெலமை எனக்குந் தெரியும். கேஸு இல்லாட்டி வெறகுல பொங்கிருவேன். நீ கொண்டாந்த அரிசியப் பொங்கி ஒனக்கே எலையில போட்டா நான் என்ன அக்கா? நான் ஒன்ன விருந்துக்குத்தான கூப்புட்டேன். நெவாரணமா கேட்டேன்?"

"அப்ப நான் அன்னியமா? ஒங் கூடப் பொறந்தவதான?"

"கூடப் பொறந்தவளா இருந்தா இப்ப வராத. என் வீட்ல ஒல கொதிக்கிற அன்னைக்கு வா."

இருவரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். ஒருத்தி பேசியது இன்னொருத்திக்குக் கேட்டிருக்காது. பிறகு இணைப்பு அறுந்தது. பெரியம்மா வைத்தாளா, அங்கே கரண்ட் போனதா, இன்றுவரை தெரியாது. திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். "சொல்லாமக் கொள்ளாமப் போயி நிப்போம்மா, வாசலுக்கு வந்தவகளத் தொரத்தவா போறாக?" என்றேன்.

"வராதன்னு சொன்ன வாசல்ல நான் போயி நிக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

டிராவல்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். கணக்குப் போட்டுக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார், அது பெட்டி வாங்கிய காசுக்கு ஆயிற்று. அதே வாரம் நம் ரூபாயும் டாலருக்கு முன்னால் விழுந்தது. அலுவலகத்தில் வடை வந்தது. தின்னப் பிடிக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்து, மறந்து, எண்ணெய் ஊறி ஒரு கட்டு பில்லையும் நாசமாக்கினேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலாளி அந்த வருடம் குடும்பத்தோடு துபாய் போய்வந்தார். வந்ததும் என் மேசைக்கு எதிரே நின்று, "டாலரு எகிறிப்போச்சும்மா. அங்கன ஒரு காப்பி குடிக்கவே பயமா இருந்துச்சு" என்று நொந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பளம் கொடுக்கிறவரை முறைக்க முடியுமா?

பெட்டிக்குள் ஒரு பால்பவுடர் பாக்கெட் வெடித்திருந்தது. மீதி ஏழையும் நாங்களே டீ போட்டுத் தீர்த்தோம். பால்காரரை நிறுத்திவிட்டு, ஏதோ தண்டனை மாதிரி அம்மா தினமும் அதிலேயே போட்டாள்.

இரண்டரை மாதம் அக்காளும் தங்கையும் பேசவில்லை. கடைசியில் கூப்பிட்டது செல்வி. "சித்தி, நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறேன். அம்மாகிட்டப் பேசுங்க" என்று அழுதாள். அம்மாவும் அழுதாள். பேச்சு ஒட்டிக்கொண்டது. ஆனால் பெரியம்மா இருந்த வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது கொழுந்து பறித்தால்தான் குடியிருக்கலாம். செல்வி போனதும் வீடும் போனது. பெரியம்மா பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் மகன் வாடகைக்கு இருக்கும் அறைக்கு இறங்கிவிட்டாள். அம்மா பிறந்ததும் அந்த வரிசையில் ஒரு வீட்டில்தான். இப்போது அங்கே யார் யாரோ.

பிறகும் விசாரித்துக்கொண்டேதான் இருந்தேன். அவர்கள் பணம் கொஞ்சம் நிமிர்ந்தது, ஆனால் ஏறிய விலை இறங்கவில்லை. எங்கள் பக்கம் டாலர் ஏற ஏற டிக்கெட்டும் ஏறியது. எங்கள் காசு பெருத்தபோது அங்கே சோறு இல்லை. சோறு வந்தபோது எங்கள் காசு பற்றவில்லை. இரண்டும் ஒரு வழியாகச் சேர்ந்து வந்தபோது போய் இறங்க வீடு இல்லை. யார் மேல் கோபப்படுவது? எந்த நாட்டு மந்திரியை, எந்த வங்கிக்காரரை? முன்பணம் கேட்கக் கூச்சப்பட்ட ஒருத்திதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாள்.

இப்போது வாரா வாரம் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் நடுவில் புகுந்து, "பெரியம்மா, டிக்கெட்டு கொறஞ்சிருக்கு. அம்மாவக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன். பெரியம்மா போனை மெதுவாக அறை முழுக்கச் சுற்றிக் காட்டினாள். ஒரு கட்டில், சுருட்டிய பாய்கள், தரையில் அடுப்பு, ஆணியில் தொங்கும் மூன்று பள்ளிக்கூடப் பை. "எங்கன ஆத்தா ஒக்காருவீக?" என்றாள். அம்மா போனை வாங்கி, பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, கடிதமானாலும் போனானாலும் பெரியம்மா கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: "எப்ப வர்ற?" அம்மா கம்பத்தில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போன காலத்தில், "வெட்டு முடியட்டும்க்கா" என்பாள். பிறகு மகளுக்கு முடியட்டும் என்பாள், மழை நிற்கட்டும் என்பாள். அவள் ஒரு மாதம் சொல்வாள், இவள் வேறொரு மாதம் சொல்வாள். நடக்காத பயணத்துக்கு இவ்வளவு பேரமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா கடைசியாகக் கேட்டது முட்டுவலித் தைலத்தின் பெயரை. அம்மா இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். "சரி, வையி" என்றாள் பெரியம்மா. அம்மா வைத்துவிட்டாள்.